வெள்ளத்துக்கு மேல் என்ன எண்?

கேள்வி: என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் கீழ்வீட்டுப் பையனும் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து, ‘யார் பெரிய நம்பர் சொல்வது’ என்று போட்டி போடுவார்கள். கோடியில் தொடங்கும், கோடி கோடி ஆகும், அப்புறம் பையன் ‘இன்ஃபினிட்டி’ என்பான். இவள் விடாமல் ‘இன்ஃபினிட்டி பிளஸ் ஒன்’ என்பாள். ‘அப்படி ஒன்று கிடையாது’, ‘இருக்கிறது’ என்று சண்டை முற்றி என்னிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள். நான் வங்கியில் முப்பத்துநான்கு வருஷம் எண்களோடு குடித்தனம் நடத்தியவன். லட்சம் கோடிக்கு மேல் எழுதும் தேவை எனக்கு வந்ததில்லை. என் அப்பா மட்டும் சங்கம், ஆம்பல், வெள்ளம் என்று ஏதேதோ அடுக்குவார். அதற்கு மேலே பெயர் உண்டா? பெயர் இல்லாத எண்களை எப்படித்தான் எழுதுகிறார்கள்? முடிவிலியோடு ஒன்று கூட்டலாமா, கூடாதா? தீர்ப்புச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், ராயப்பேட்டை

பதில்: தீர்ப்பு உங்கள் பேத்தி பக்கம்தான். முடிவிலியோடு ஒன்று கூட்டலாம். ஆனால் எந்தப் பக்கம் கூட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். பையன் செய்த தவறு வேறு. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே பலகையைக் கவிழ்த்துவிட்டான். முடிவிலிக்குத் தாவுவதற்கு முன், முடிவுள்ள எண்களிலேயே அவன் கனவிலும் காணாத உயரங்கள் இருக்கின்றன. அந்த உயரங்களுக்கு ஏணி கட்டப் போனால் முடிவிலியைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் அப்பாவின் பட்டியல். அவர் ‘ஏதேதோ’ அடுக்கவில்லை. பரிபாடலின் திருமால் பாட்டு ஒன்றில், நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் ஆகியவை ஊழிக் காலத்தை அளக்கும் பேரெண்களாக வருகின்றன. அதற்கும் முன்பே தொல்காப்பியம், சொற்கள் புணரும் விதியைச் சொல்லும் இடத்தில், ‘ஐ’, ‘அம்’, ‘பல்’ என்று முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தனியாக ஒரு நூற்பா ஒதுக்கியிருக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இலக்கண ஆசிரியர் விதி வகுக்கும் அளவுக்கு அந்தச் சொற்கள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. குளத்தில் பூத்துக் கிடப்பதையும் கரைபுரண்டு ஓடுவதையும் பார்த்து எண்ணுக்குப் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

ஆனால் ஆம்பல் என்றால் எத்தனை சுழியம் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொன்று சொல்லும். பெயரை நம்பினால் வரும் கேடு இதுதான். ஒவ்வொரு தாவலுக்கும் புதுப் பெயர் வேண்டும், அதை எல்லோரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் பழைய எண்குறிகளை எழுதியவர்கள் இதைவிடச் சிக்கனக்காரர்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று மூன்றே குறிகள். லட்சத்துக்குப் புதுக்குறி தேடாமல் ௱௲ என்று எழுதினார்கள், அதாவது நூறு ஆயிரம். கோடிக்கு ௱௱௲. இருக்கிற குறியையே பெருக்கிப் பெருக்கி மேலே போவது. பெயரிலிருந்து விதிக்கு வைத்த முதல் அடி அது.

அந்த வழியில் வெகுதூரம் போனவர்கள் சமணர்கள். புஷ்பதந்தர், பூதபலி என்ற இரு முனிவர்கள் இயற்றியது ஷட்கண்டாகமம். பூதபலி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தவர் என்று மரபு சொல்கிறது. அதற்கு வீரசேனர் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பேருரை ‘தவளா’. அதில் ‘வர்கித-சம்வர்கிதம்’ என்று ஒரு செய்கை இருக்கிறது. ஓர் எண்ணை அதே எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவது. 2-ஐ ஒரு தடவை அப்படிச் செய்தால் 2², அதாவது 4. வந்த 4-ஐ மறுபடி செய்தால் 4⁴, அதாவது 256. மூன்றாவது தடவை 256-ஐ 256-ஆவது அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அது 617 இலக்கங்கள் கொண்ட எண். மூன்றே தடவையில், அதுவும் 2-இலிருந்து! பெயர் வைத்துப் பெரிய எண்ணைச் சொல்கிறவன் ஒவ்வொன்றாகப் படி ஏறுகிறான். வீரசேனரோ ‘இதை மூன்று தடவை செய்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இதே எண்ணத்தை 1976-இல் டொனால்டு குனூத் என்ற கணினி அறிஞர் அம்புக்குறியில் அடைத்தார். 3↑3 என்றால் 3³, அதாவது 27. இரண்டு அம்பு போட்டால் அடுக்குமேல் அடுக்கு: 3↑↑3 என்பது 3-இன் 27-ஆவது அடுக்கு. கணக்குப் போட்டால் 76,25,59,74,84,987. உங்கள் வங்கி மொழியில் சுமார் 7.6 லட்சம் கோடி. இதுவரை உங்களுக்குப் பழக்கப்பட்ட ஊர்தான். ஒரே ஒரு மாடி கூட்டி 3↑↑4 என்று எழுதுங்கள். அந்த எண்ணுக்கு ஏறக்குறைய 3.64 லட்சம் கோடி இலக்கங்கள். கவனியுங்கள், எண்ணின் மதிப்பு அல்ல, இலக்கங்களின் எண்ணிக்கையே அவ்வளவு. விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் தூங்காமல் எழுதினால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ஆண்டுகள் ஆகும். மூன்று அம்பு போட்டு 3↑↑↑3 என்றால், 7.6 லட்சம் கோடி மூன்றுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும் கோபுரம்.

நான்கு அம்பு போட்டு வருகிற எண் எதுவோ, அத்தனை அம்புகளை இரண்டு மூன்றுகளுக்கு நடுவே போடு. அப்படி வந்த எண் எதுவோ, மறுபடி அத்தனை அம்பு போடு. நான்கு அம்பு போட்ட முதல் எண்ணையும் சேர்த்து அறுபத்துநான்காவது எண்ணில் நிறுத்து. இதுதான் ‘கிரஹாம் எண்’. 1977-இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. அதன் முதல் இலக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி இலக்கம் 7 என்று நிச்சயமாகத் தெரியும். எனக்கு இந்த எண்ணிடம் பிடித்ததே இதுதான்.

இனி நம்மூர்க் கதை. உங்கள் வீட்டிலிருந்து பாரதி சாலையில் கடற்கரையைப் பார்த்து நடந்தால் திருவல்லிக்கேணி. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு ஓர் இளைஞர் எழுதிய விண்ணப்பத்தில் இருந்தது அந்தப் பேட்டையின் முகவரி. வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16 தேதியிட்டு, அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. ராமானுஜனின் அந்தக் கடிதத்தைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதில் அவர் ஹார்டியின் ஒரு சிறு நூலை, பக்க எண் உட்படக் குறிப்பிடுவதைக் கவனித்தவர்கள் குறைவு. நூல், 1910-இல் வந்த ‘ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’. முடிவிலியின் தரவரிசைகள் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கம் 36. ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதற்குத் திட்டவட்டமான கோவை இதுவரை இல்லை என்று ஹார்டி அங்கே எழுதியிருந்தார். ‘என்னிடம் இருக்கிறது’ என்பதுதான் ராமானுஜன் கடிதத்தின் தொடக்கச் செய்தி.

ராமானுஜன் என்றவுடன் 1729 என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடும் பழக்கம் நமக்கு. அது சின்ன எண். கடிதத்தின் தொடக்கத்தில் வரும் அந்தப் பகா எண் கணக்கில்தான் பேரெண் ஒளிந்திருந்தது. ராமானுஜனின் கோவையில் அவர் சொன்ன அளவுக்குத் துல்லியம் இல்லை என்று பின்னர் தெரிந்தது. பகா எண்களின் எண்ணிக்கையை மதிப்பிடும் வழக்கமான சூத்திரம், கணக்குப் போட்டுப் பார்த்த இடத்திலெல்லாம் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். எப்போதும் அப்படித்தான் என்று தோன்றும். அப்படியல்ல, எங்கோ ஓரிடத்தில் தராசு மறுபக்கம் சாயும் என்று ஹார்டியின் கூட்டாளி லிட்டில்வுட் 1914-இல் நிறுவினார். எங்கே? அவருடைய மாணவர் ஸ்கியூஸ் 1933-இல், ரீமான் கருதுகோள் என்ற ஊகம் உண்மையென்று வைத்துக்கொண்டு, ஓர் எல்லை சொன்னார். 10-இன் தலையில் 10, அதன் தலையில் இன்னொரு 10, அதன் தலையில் 34. அதற்குள் ஒரு தடவையாவது சாய்ந்தே தீரும். பின்னால் வந்தவர்கள் அந்த எல்லையை 317 இலக்க எண்ணுக்குக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் கணக்கில் ஒரு வேலைக்காகப் பிறந்த பேரெண்களில் அது வெகுகாலம் ராஜாவாக இருந்தது.

அந்தச் சிறு நூலின் மற்றப் பக்கங்கள் எதைப் பற்றியவை? உங்கள் மாடிப்படிச் சண்டையைப் பற்றியவைதான். எது எதைவிட வேகமாக வளர்கிறது என்பதே அதன் பொருள். பால் டுபுவா-ரேமோன் என்ற ஜெர்மானியர் 1870-களில் கண்ட உண்மை அதன் அடித்தளம்: ஒன்றைவிட ஒன்று வேகமாக வளரும் சார்புகளை முடிவில்லாமல் அடுக்கி வைத்தாலும், அத்தனையையும் தோற்கடிக்கும் இன்னொரு சார்பைக் கட்டிவிடலாம். நூலைப் புரட்டிய துறைமுகக் குமாஸ்தாவின் கண் 36-ஆம் பக்கத்தில் நின்றது. நாம் இந்த அடித்தளத்தில் நிற்போம்.

ஒரு படிக்கட்டு கட்டுவோம். 0-ஆம் படியில் ஓர் எண்ணை வைத்தால் ஒன்று கூடி வரும். 1-ஆம் படியில் 3-ஐ வைத்தால், 0-ஆம் படியில் மூன்று தடவை ஏற்றப்படும்: 4, 5, 6. அதாவது இரட்டிக்கும். 2-ஆம் படியில் 3-ஐ வைத்தால், 1-ஆம் படியில் மூன்று தடவை: 6, 12, 24. 3-ஆம் படியில் 3-ஐ வைத்தால், 2-ஆம் படியில் மூன்று தடவை: முதலில் 24, அடுத்து 40,26,53,184, அதற்கடுத்து 12 கோடிக்கு மேல் இலக்கங்கள் கொண்ட ஓர் எண். இந்தக் கடைசி எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வரும். வைத்த எண் எத்தனையோ அத்தனை தடவை கீழ்ப்படியில் ஏற்று. விதி இவ்வளவுதான்.

படிகளுக்கு 0, 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போகலாம். எல்லாப் படிகளையும் மிஞ்சிய ஒரு படி வேண்டுமானால் அதற்கு என்ன எண் போடுவது? சாதாரண எண்கள் எல்லாம் கீழே தீர்ந்துபோயின. 1883-இல் கான்டர் என்ற கணித அறிஞர் தம் நூலில் அறிமுகப்படுத்திய முடிவிலா வரிசையெண் ஒமேகா இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஒமேகாப் படியில் 3-ஐ வைத்தால் அது 3-ஆம் படிக்குப் போகும். 100-ஐ வைத்தால் 100-ஆம் படிக்குப் போகும். நீங்கள் எந்தப் படியைக் காட்டினாலும் ஒமேகாப் படி ஓரிடத்தில் அதைத் தாண்டிவிடும். இங்கே ஒமேகா ஓர் அளவு அல்ல, படிக்கு ஒட்டிய சீட்டு. உள்ளே போவது சாதாரண எண், வெளியே வருவதும் சாதாரண எண்தான். வாசலில் மட்டும் முடிவிலியின் பெயர்ப்பலகை.

இப்போது உங்கள் வழக்கு. ரேஷன் கடை வாசலில் முடிவே இல்லாத ஒரு வரிசை நிற்கிறது என்று வையுங்கள். ஒருவர் வந்து எல்லாருக்கும் முன்னால் நுழைந்துகொள்கிறார். முதலில் நின்றவர் இரண்டாவது, இரண்டாவது ஆள் மூன்றாவது என்று எல்லாரும் ஓரடி பின்னால் போவார்கள். திட்டுவார்கள், அது வேறு. வரிசையின் அமைப்பு மாறவில்லை. ஆக, ஒன்றோடு முடிவிலியைக் கூட்டினால் அதே முடிவிலி. இன்னொருவர் மரியாதைக்காரர், அத்தனை பேருக்கும் பின்னால் போய் நிற்கிறார். இவர் நிலைமை புதிது. இவருக்கு முன்னால் முடிவில்லாத கூட்டம், ஆனால் நேர் முன்னால் யார் முதுகு தெரிகிறது என்று கேட்டால் ஆள் இல்லை. இப்படி ஓர் இடம் பழைய வரிசையில் கிடையாது. இதுதான் முடிவிலி கூட்டல் ஒன்று. பேத்தி சொன்னது நிஜமாகவே பெரிய வரிசையெண். தலைகளை மட்டும் எண்ணினால் இரண்டு வரிசைகளும் சமம் என்பதால் பையனுக்கு ஆறுதல் பரிசு கொடுக்கலாம்.

இந்தப் ‘பின்னால் நிற்பவரை’ வைத்து வேலை வாங்க முடியும் என்று எடுத்த எடுப்பில் காட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஹார்டி. 1904-இல், முப்பதைத் தொடாத வயதில், முடிவிலிக் கணங்களை ஒப்பிடுவதற்காக ஒரு கட்டுரை எழுதினார். பேரெண் எழுதுவது அவர் நோக்கமே இல்லை. அதில் அவர் காட்டிய வழியை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

1, 2, 3, 4, 5…
2, 3, 4, 5, 6…
3, 4, 5, 6, 7…

ஒவ்வொரு வரியும் மேல்வரியின் தலையை வெட்டியது. முடிவில்லாமல் வெட்டிய பிறகு, ஒமேகாவாவது இடத்தில் என்ன எழுதுவது? மூலைவிட்டமாக வாருங்கள்: முதல் வரியின் முதல் எண், இரண்டாம் வரியின் இரண்டாம் எண், மூன்றாம் வரியின் மூன்றாம் எண். 1, 3, 5, 7… கிடைக்கும். அதையும் தலைவெட்டிக்கொண்டே போய் மறுபடி மூலைவிட்டம் எடுத்தால் 1, 5, 9, 13… அடுத்த சுற்றில் 1, 9, 17, 25… இப்படி மூலைவிட்டமாகக் கிடைத்த வரிகளை முதல் வரிக்குக் கீழே அடுக்கி, அவற்றுக்கே ஒரு மூலைவிட்டம் எடுங்கள்: 1, 3, 9, 25, 65… இதற்கு முகவரி ஒமேகாவின் வர்க்கம். கூட்டவில்லை, பெருக்கவில்லை, தலையை வெட்டியும் குறுக்கே நடந்தும் மட்டுமே, இரட்டித்து இரட்டித்து ஓடும் வளர்ச்சி வந்துவிட்டது. பிற்காலத் தருக்கவியலாளர்கள் இந்தப் படிநிலைக்கு ஹார்டியின் பெயரையே வைத்தார்கள். சென்னையில் ஹார்டி என்றால் ராமானுஜனைக் கண்டெடுத்தவர், அவ்வளவுதான். அவர் கணக்கையும் கொஞ்சம் கண்டெடுக்கலாம்.

நம் படிக்கட்டுக்குத் திரும்பினால், ஒமேகாவுக்கு அடுத்த படியில், அதாவது பேத்தியின் ‘இன்ஃபினிட்டி பிளஸ் ஒன்’ படியில், 64-ஐ வைத்தால் போதும். கிரஹாம் எண் கீழே போய்விடும். அதற்கு மேலும் ஒமேகா கூட்டல் ஒமேகா, ஒமேகா வர்க்கம், ஒமேகாவின் ஒமேகா அடுக்கு என்று படிகள் போகின்றன. ஒமேகாக்களை முடிவில்லாமல் அடுக்கிய கோபுரத்துக்குக் கான்டர் எப்சிலான் பூஜ்யம் என்று பெயரிட்டார். அதற்கு அப்பால் 1908-இல் வெப்லன் ஒரு புதுக் குறியீட்டு முறை கொண்டுவந்தார். அப்புறம் வேறொருவர், வேறொரு முறை. கவனித்தீர்களா? ஆம்பலுக்கும் வெள்ளத்துக்கும் வந்த அதே நோய் மேல்மாடியிலும் வந்துவிட்டது. எந்த முறை வகுத்தாலும் அதனால் எழுத முடியாத முதல் வரிசையெண் ஒன்று மேலே நின்று எட்டிப் பார்க்கும். இயந்திரம் போல் விதிப்படி எழுதக்கூடிய எல்லா முறைகளுக்கும் சேர்த்தே ஓர் எல்லை உண்டு என்று சர்ச், கிளீனி என்ற தருக்கவியலாளர்கள் 1930-களில் காட்டினார்கள்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. 1944-இல் குட்ஸ்டீன் கொடுத்தது. ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளாக எழுது, அடுக்கில் வரும் எண்களையும் அப்படியே. எல்லா 2-ஐயும் 3 ஆக்கு, ஒன்றைக் கழி. பிறகு எல்லா 3-ஐயும் 4 ஆக்கு, ஒன்றைக் கழி. இப்படியே. 4-இல் தொடங்கினால், அது 2². மாற்றினால் 3³ என்று 27, ஒன்று போக 26. அடுத்து 41, 60, 83, 109 என்று ஏறிக்கொண்டே போகும். இது எங்கே இறங்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் பூஜ்யத்தில்தான் விழும். காரணம், அடிமானமாக நிற்கும் எண்ணை எடுத்துவிட்டு ஒமேகாவை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அந்த வரிசையெண் குறைந்துகொண்டேதான் வருகிறது. வரிசையெண்ணில் முடிவில்லாமல் இறங்க முடியாது. ஒமேகாவிலிருந்து இறங்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சாதாரண எண்ணில்தான் கால் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் மிச்சப்படிகள் எண்ணி முடியக்கூடியவை. முடிவிலியைத் தொடாத வெறும் எண்கணித விதிகளை மட்டும் கொண்டு இதை நிறுவவே முடியாது என்று 1982-இல் கிர்பி, பாரிஸ் இருவரும் காட்டியது தனிக்கதை.

4-இல் தொடங்கினால் பூஜ்யத்துக்கு எத்தனை படி? 3-ஐ ஒமேகாப் படியில் வைத்தபோது 12 கோடி இலக்கங்களோடு ஓர் எண் வந்ததே, அதற்கு இரண்டு மூன்று குறைவு.

ஆகையால் பேத்தியை 3-இல் தொடங்கச் சொல்லுங்கள். 3, 3, 3, 2, 1, 0 என்று தோசை வேகுமுன் முடிந்துவிடும். அடுத்து 4-ஐ எடுத்துக்கொண்டு பையன் வருவான். அவனுக்கு நோட்டு வாங்கித் தருவதாக மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.